ஒழுக்கம் கடன்பட்டவனுக்கு மட்டும்தானா?



சில மாதங்களுக்கு முன்னால் ஒரு கூட்டத்துக்கு நம்மைக் கூப்பிட்டிருந்தார்கள். கடன் வசூல் சம்பந்தமாகப் பேச்சுவார்த்தை என்றார்கள். வேலையை விட்டுவிட்டுப் போனோம். ஃபேன் ஓடாத ஹாலில் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மேடையில் இருந்த பெரிய மனிதர் ஒருவர் (பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம்) நாம் கொடுத்த மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே பிரசங்கம்.

"வரவுக்குள்ள செலவு பண்ணக் கத்துக்கணும். கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு ஊரையே கூப்பிடுறீங்க. பையனுக்கு வண்டி வாங்கித் தர்றீங்க. அப்புறம் கடன் கட்ட முடியலைன்னு கொடி பிடிக்கிறீங்க. அமெரிக்காவைப் பாருங்க. வாஷிங்டன், ஜெஃபர்சன்னு அந்த நாட்டை உண்டாக்கினவங்க என்ன சொன்னாங்க? முதல்ல தனிமனித ஒழுக்கம். அது இருந்தாத்தான் சுதந்திரம். எல்லாத்துக்கும் கவர்ன்மெண்ட் வந்து நிக்காது!"

நம் ஆட்களே சிலர் கை தட்டினார்கள். நமக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாஷிங்டன் என்றால் நமக்கு ஒரு ஊர்ப் பேர், அவ்வளவுதான். அந்த அவமானம் மனசில் கிடந்தது. நம் சங்கத்துப் பிள்ளைகள் நூலகத்தில் இருந்து புத்தகங்கள் எடுத்து வந்தார்கள். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வாசித்தோம். வாசித்து முடித்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பெரிய மனிதர் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதியில் கடன்பட்ட விவசாயி இருக்கிறான். அவன் மாடு ஜப்தியாகிறது. அவன் மீது பீரங்கி வெடிக்கிறது. அந்தப் பாதியைத்தான் இந்தத் துண்டுப் பிரசுரத்தில் உங்கள் முன் வைக்கிறோம்.

அவர் சொன்னது பொய்யா?

பொய் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவை உண்டாக்கியவர்கள் ஒழுக்கத்தைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். 1780-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு ஜான் ஆடம்ஸ் எழுதிக் கொடுத்த அரசியல் சட்டத்தில், நீதி, அடக்கம், உழைப்பு, சிக்கனம் இதெல்லாம் இல்லாமல் சுதந்திரத்தைக் காப்பாற்ற முடியாது என்று ஒரு பிரிவே உண்டு. சிக்கனத்தைச் சட்டத்தில் எழுதி வைத்தவர்கள் அவர்கள்! பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, தினம் எதில் தவறினோம் என்று நோட்டில் புள்ளி வைத்தவர். ஒழுக்கமுள்ள ஜனங்களுக்கே சுதந்திரம் தகும் என்று 1787-இல் கடிதம் எழுதியவரும் அவரே.

அவர்கள் சண்டை போட்டதும் நிஜம். வரியை எதிர்த்துப் போட்டார்கள். 1773 டிசம்பர் 16 ராத்திரி போஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, அது யார் தேயிலை? நம் மதராஸில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைதான். இன்னொன்றும் கேளுங்கள். 1781-இல் யார்க்டவுன் என்ற ஊரில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த வெள்ளைக்காரத் தளபதி காரன்வாலிஸ். அங்கே தோற்ற ஆளை 1786-இல் இங்கே கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். 1792-இல் திப்புவிடம் இருந்து திண்டுக்கல்லையும், சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலையும் கம்பெனிக்குப் பிடுங்கிக் கொடுத்தவர் அவர்தான். அவர்கள் வாசலில் இருந்து விரட்டிய ஆள் நம் வாசலுக்கு வந்தான். இது பக்கவாட்டுச் செய்தி. விஷயத்துக்கு வருவோம்.

சண்டை முடிந்தது, கடன் ஆரம்பித்தது

வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட சிப்பாய் யார்? பெரும்பாலும் சிறு விவசாயி, விவசாயி மகன், கூலி ஆள். அவனுக்குச் சம்பளம் ரொக்கமாகக் கொடுக்கவில்லை. கடன் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டைத் தின்ன முடியுமா? வீட்டுக்கு வந்தவன் அதை வியாபாரியிடம் கிடைத்த விலைக்கு விற்றான். சீட்டில் எழுதியிருந்த தொகையில் ஒரு சின்னப் பங்குதான் கைக்கு வந்தது.

இதற்குள் லண்டன் வியாபாரி போஸ்டன் வியாபாரியின் கழுத்தைப் பிடித்தான், ரொக்கம் எடு என்று. போஸ்டன் வியாபாரி உள்ளூர்க் கடைக்காரனைப் பிடித்தான். கடைக்காரன் விவசாயியைப் பிடித்தான். விவசாயி யாரைப் பிடிப்பான்? மாட்டின் மூக்கணாங்கயிற்றைத்தான் பிடிக்க முடியும்! அவனிடம் தானியம் இருந்தது, உழைப்பு இருந்தது, வெள்ளிக் காசு இல்லை. அதுவரை கடைக்கு அவன் தானியமாகவோ வேலையாகவோதான் கணக்கை நேர் செய்து வந்தான்.

இந்த நேரம் பார்த்து மாசசூசெட்ஸ் அரசாங்கம் வரியை ஏற்றியது. கவர்னர் ஜேம்ஸ் பவுடின் போஸ்டன் பணக்காரர். வரி எதற்கு? அந்தப் பழைய கடன் சீட்டுகளுக்கு வட்டியும் முதலும் கொடுக்க. சீட்டு இப்போது யார் பெட்டியில் இருக்கிறது? கொஞ்ச விலைக்கு வாங்கிப் போட்ட வியாபாரிகளின் பெட்டியில். சிப்பாய் விற்ற விலைக்கு இல்லை, அதைவிடப் பல மடங்கு கணக்கில் அதைத் தீர்க்க வேண்டும் என்றது சட்டசபை. வரியில் பெரும்பங்கு தலைக்கட்டு வரி, நில வரி. ஆக, ரத்தம் சிந்தியவன் சீட்டைச் சல்லிக்கு விற்றான். வாங்கியவனுக்கு லாபம் கொடுக்க அவனே ரொக்கமாக வரி கட்ட வேண்டும். கட்ட முடியாதவன் நிலம் ஏலம், மாடு ஏலம். அதுவும் போதவில்லை என்றால் கடனுக்காகவே ஜெயில்.

அவனுக்கு ஓட்டு இருந்ததா என்று கேட்பீர்கள். சிக்கனத்தை எழுதி வைத்த அதே 1780 அரசியல் சட்டத்தில் சொத்துக் கணக்கும் எழுதியிருந்தது. ஓட்டுப் போடவே 60 பவுன் மதிப்புள்ள சொத்தோ, வருஷம் 3 பவுன் வருமானம் தரும் நிலமோ வேண்டும். கவர்னராக நிற்க 1000 பவுன் நிலச்சொத்து வேண்டும். பவுன் என்றால் தங்கக் காசு இல்லை, அந்தக் காலத்து அவர்கள் பணம். மாடு ஏலத்தில் போனவனுக்கு ஓட்டும் சேர்ந்தே போச்சு.

தொப்பியில் பச்சைத் தளிர்

அவர்கள் எடுத்தவுடன் துப்பாக்கி தூக்கவில்லை தோழர்களே. இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கில் மனு கொடுத்தார்கள். 1786 ஆகஸ்டில் ஹாட்ஃபீல்டு என்ற ஊரில் 50 ஊர்களின் பிரதிநிதிகள் கூடிக் குறைகளை வரிசையாக எழுதினார்கள். காகிதப் பணம் விடுங்கள், கடன் வழக்குக் கோர்ட்டுகளைச் சீர்செய்யுங்கள், சட்டசபையைப் போஸ்டனிலேயே வைத்துக்கொள்ளாமல் உள்நாட்டுப் பக்கம் கொண்டு வாருங்கள் என்பது போலக் கோரிக்கைகள். யாரும் கலவரத்தில் இறங்க வேண்டாம் என்றும் அதே கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள்.

சட்டசபை அதற்கு முன்பே கலைந்து வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. கோர்ட்டு மட்டும் தவறாமல் கூடியது! ஆகஸ்ட் 29 அன்று நார்த்தாம்ப்டன் கோர்ட்டு வாசலில் சுமார் 1500 பேர் வந்து நின்றார்கள். நீதிபதிகளை உட்கார விடவில்லை. கோர்ட்டு கூடாவிட்டால் டிக்ரி இல்லை, டிக்ரி இல்லாவிட்டால் ஜப்தி இல்லை. அவ்வளவுதான் கணக்கு. அடுத்த மாதம் வூஸ்டர் ஊரிலும் இதே கதை. கோர்ட்டைக் காக்க வா என்று கூப்பிட்ட ஊர்ப்படை வரவில்லை. ஊர்ப்படையில் இருந்தவனும் கடன்பட்டவன்தானே!

அவர்கள் தொப்பியில் அடையாளமாக ஹெம்லாக் என்ற மரத்தின் பச்சைத் தளிரைச் செருகிக்கொண்டார்கள். நம் தோளில் கிடக்கும் பச்சைத் துண்டை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டோம், இதை வாசித்தபோது.

இவர்களில் ஒருவர் பெல்ஹாம் ஊர் விவசாயி டேனியல் ஷேஸ். சுதந்திரப் போரில் கேப்டனாக இருந்தவர். பங்கர் ஹில், சாரடோகா என்று பெரிய சண்டைகளில் நின்றவர். பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் அவருக்கு ஒரு வாளைப் பரிசாகக் கொடுத்தாராம். கடன் தாங்காமல் அதை அவர் விற்றுவிட்டார் என்று சொல்வார்கள். இந்த எழுச்சிக்கு இன்றைக்கும் அவர் பேர்தான்.

தியாகிகள் அப்போது என்ன செய்தார்கள்?

இங்கேதான் அந்த மேடைப் பேச்சாளர் விட்டுவிட்ட பக்கம் வருகிறது.

சாமுவேல் ஆடம்ஸ் என்று ஒருவர். போஸ்டனில் வெள்ளைக்காரன் வரிக்கு எதிராக ஜனங்களைத் திரட்டியதில் முதல் ஆள். இப்போது மாநில செனட்டின் தலைவர். அவர் என்ன சொன்னார் தெரியுமா? ராஜாவை எதிர்த்துக் கிளம்புவது வேறு, அதை மன்னிக்கலாம். குடியரசின் சட்டத்தை எதிர்க்கிறவனுக்கு மரணம்தான் சரி என்றார்! நேற்று கூட்டம் கூட்டியவர், இன்றைக்குக் கூட்டம் கூடினால் கலைக்கச் சட்டம் எழுதிக் கொடுத்தார். விசாரணை இல்லாமல் உள்ளே தள்ளக்கூடாது என்ற பழைய உரிமையையும் அந்த வருஷமே நிறுத்தி வைத்தார்கள். இதற்கெல்லாம் எத்தனை வருஷம் ஆச்சு? தேயிலை கொட்டி 13 வருஷம்தான்.

ராணுவ மந்திரி ஹென்றி நாக்ஸ், வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். இந்தக் கலகக்காரர்கள் எல்லார் சொத்தையும் பொதுவாக்கப் பார்க்கிறார்கள் என்று. அவர்கள் கேட்டது என்ன? வாய்தா, கொஞ்சம் வரிக் குறைப்பு, ரொக்கத்துக்குப் பதில் கட்டத் தோதான பணம். வாஷிங்டன் அந்தக் கடிதங்களைப் பார்த்து அரண்டுபோனார். ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதம் 1787 ஜனவரி 29 தேதியிட்டது. மனசாட்சியும் கொள்கையும் இல்லாத, அறிவில்லாத ஆட்கள் என்று கலகக்காரர்களைத் திட்டியிருக்கிறார். அதோடு விடவில்லை. ஆடம்பரமும் ஊதாரித்தனமும் ஜனங்களிடம் பெருகிப்போனதுதான் காரணம் என்கிறார்.

கல்யாணப் பந்தல் ஞாபகம் வருதா? பையன் வண்டி ஞாபகம் வருதா? 200 வருஷத்துக்கு மேல் ஆச்சு, வசனத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை!

கடன்பட்டவனிடம் ஆடம்பரத்தைத் தேடிய இவர்களில் யாராவது, சீட்டைச் சல்லிக்கு வாங்கி முழு விலைக்கு நிற்கிறவனைப் பார்த்து, "ஐயா, பேராசை ஒழுக்கமா?" என்று கேட்டார்களா? கேட்டதாக நாம் வாசித்த எதிலும் இல்லை.

கஜானாவில் காசில்லை. போஸ்டன் வியாபாரிகள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டுப் படை திரட்டிக் கொடுத்தார்கள். பெஞ்சமின் லிங்கன் என்ற தளபதி தலைமையில் படை கிளம்பியது. 1787 ஜனவரி 25. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கிப் பனியில் நடந்து வந்த ஷேஸ் ஆட்கள் மீது, கிடங்கைக் காத்து நின்ற இன்னொரு படை பீரங்கியால் சுட்டது. நான்கு பேர் அங்கேயே செத்தார்கள். மற்றவர்கள் ஓடினார்கள். பிப்ரவரி 4 காலையில் பீட்டர்ஷாம் ஊரில், ராத்திரி முழுக்கப் பனிப்புயலில் நடந்து வந்த லிங்கன் படை அவர்களைத் திடீரென்று சுற்றிக்கொண்டது. முடிந்தது. பிற்பாடு இரண்டு பேரைத் தூக்கிலும் போட்டார்கள். கலகத்தில் கலந்தவர்களுக்கு மூன்று வருஷம் ஓட்டு இல்லை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்க்கக்கூடாது, சாராயக்கடை நடத்தக்கூடாது என்று ஒரு சட்டம்.

ஜெஃபர்சன் மட்டும் வேறு மாதிரி எழுதினார், அதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது அவர் பாரிஸில் தூதர். அவ்வப்போது சின்னக் கலகம் நடப்பது நல்லது, வானத்துக்குப் புயல் போல, அரசாங்கத்தின் உடம்புக்கு அது மருந்து என்று மேடிசனுக்கு எழுதினார். அபிகெயில் அம்மையாருக்கும் அதே போக்கில் பதில் எழுதினார். நல்ல வார்த்தைதான். பாரிஸில் உட்கார்ந்துகொண்டு மருந்து எழுதித் தருவது சுலபம். மருந்தைக் குடித்தவன் ஸ்பிரிங்ஃபீல்டில் பனியில் கிடந்தான்.

ஆனால் கதை பீட்டர்ஷாமில் முடியவில்லை. அடுத்த சில மாதத்தில் தேர்தல் வந்தது. ஜனங்கள் பவுடினைத் தூக்கி எறிந்தார்கள். ஜான் ஹான்காக் கவர்னரானார். புது சட்டசபை வரியைக் குறைத்தது, கடன் வசூலுக்கு அவகாசம் கொடுத்தது. ஷேஸுக்கு 1788-இல் மன்னிப்புக் கிடைத்தது. பீரங்கியால் மறுத்ததை ஓட்டுக்குப் பயந்து கொடுத்தார்கள்.

வேலி போட்டார்கள், யாருக்கு?

அந்த 1787 மே மாதம்தான் பிலடெல்பியாவில் 55 பேர் கூடி, கதவைச் சாத்திக்கொண்டு, நாட்டுக்கே ஓர் அரசியல் சட்டம் எழுதினார்கள். ஷேஸ் பயம் அந்த அறைக்குள் இருந்தது. அதில் மூளையாக இருந்தவர் ஜேம்ஸ் மேடிசன். இவர் சொன்னதில் நமக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அடுத்த வருஷம் பத்திரிகையில் எழுதினார்: மனிதர்கள் தேவதூதர்களாக இருந்தால் அரசாங்கமே வேண்டாம், தேவதூதர்கள் வந்து ஆண்டால் அரசாங்கத்துக்குக் கடிவாளம் வேண்டாம், இரண்டும் இல்லை, ஆகவே ஒரு அதிகாரத்தை இன்னொரு அதிகாரத்தைக் கொண்டு மடக்கி வை என்று.

இதை அந்த மேடைப் பேச்சாளர் ஏன் சொல்லவில்லை? ஒழுக்கம் ஒழுக்கம் என்று பேசியவர்கள், ஆள்கிறவனின் ஒழுக்கத்தை மட்டும் துளியும் நம்பவில்லை! ஜனாதிபதியைக் காங்கிரஸ் தடுக்கும், காங்கிரஸை ஜனாதிபதி தடுப்பார், இருவரையும் கோர்ட்டு கேள்வி கேட்கும். வெள்ளாடு நல்ல ஆடு என்று சொல்லி வேலி போடாமல் இருப்போமா நாம்? அப்படித்தான்.

வேலி நல்ல வேலி. ஆனால் முள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அதே மேடிசன் 1787 நவம்பரில் எழுதிய கட்டுரையில், காகிதப் பணம் கேட்பது, கடன் ரத்துக் கேட்பது, சொத்தைச் சமமாகப் பங்கிடக் கேட்பது இதெல்லாம் கெட்ட திட்டங்கள், பெரிய நாடாக இருந்தால் அவை எளிதில் பரவாது என்று நிம்மதிப்பட்டுக்கொள்கிறார். அரசியல் சட்டத்தின் முதல் கூறு, 10-வது பிரிவு: எந்த மாநிலமும் காகிதப் பணம் விடக்கூடாது, ஒப்பந்தக் கடப்பாட்டைக் குலைக்கும் சட்டம் போடக்கூடாது. கடன்பட்டவனுக்கு மாநிலச் சட்டசபை கை கொடுக்கும் வழியில் பாதி அடைபட்டது. கடன் கொடுத்தவன் பேராசைக்கு வேலி எந்தப் பிரிவில்? தேடினோம். இல்லை. வயலில் அடிமையாக வேலை செய்தவனையோ கேட்கவே வேண்டாம். ஐந்தில் மூன்று ஆள் என்று அவனைக் கணக்கில் எடுத்தார்கள், அதுவும் எஜமானனின் மாநிலத்துக்குக் கூடுதல் சீட்டுக் கிடைப்பதற்காக.

அந்தச் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று மாசசூசெட்ஸில் மாநாடு கூடியது. 1788 ஜனவரி 25. தேதியைக் கவனியுங்கள், ஸ்பிரிங்ஃபீல்டு பீரங்கி வெடித்து அன்றைக்குச் சரியாக ஒரு வருஷம். சட்டன் ஊர் ஏமஸ் சிங்கிள்ட்டரி என்ற பெரியவர் எழுந்தார். வக்கீல்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் எவ்வளவு நயமாகப் பேசுகிறார்கள், இந்தச் சட்டத்தை நடத்துவதும் அவர்களாகவே இருக்கப் பார்க்கிறார்கள், அதிகாரத்தையும் பணத்தையும் கையில் எடுத்துக்கொண்டு நம்மைப் போன்ற சின்ன ஆட்களைத் திமிங்கலம் போல விழுங்கிவிடுவார்கள் என்றார்.

அவருக்குப் பதில் சொன்னது வக்கீல் இல்லை. லேன்ஸ்பரோ ஊர் ஜொனாதன் ஸ்மித், இவரும் ஏர் பிடித்துப் பிழைக்கிறவர். நான் சாதாரண ஆள், கலகத்தின்போது என் பக்கத்தில் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன், ஆயுதம் எடுத்தவர்கள் அண்டை வீட்டுக்காரன் நெஞ்சிலேயே துப்பாக்கியை வைத்தார்கள், நல்ல அரசாங்கம் இல்லாததால்தான் அதன் அருமை தெரிந்தது, இந்தச் சட்டத்தை நானே வாசித்துப் பார்த்தேன், எந்த வக்கீலிடமும் போகவில்லை, இதில் நோய்க்கு மருந்து இருக்கிறது என்றார்.

இந்த இரண்டு பேச்சையும் நாம் திரும்பத் திரும்ப வாசித்தோம். நம் சங்கத்துக்குள் சண்டையே வந்துவிட்டது, யார் சரி என்று. ஸ்மித்தைக் காட்டிக்கொடுத்தவன் என்று திட்ட நமக்கு மனசு வரவில்லை. ஆயுதம் தூக்கினால் முதலில் அடிபடுவது பக்கத்து வயல்காரன்தான். சங்கம் ஒருநாளும் அந்தப் பாதையைச் சொல்லாது. ஆனால் சிங்கிள்ட்டரி கேட்ட கேள்விக்கு ஸ்மித் பதில் சொல்லவில்லை என்பதும் உண்மை.

கடைசியில் 187-க்கு 168 என்ற ஓட்டில் சட்டம் தப்பித்தது. சும்மா தப்பிக்கவில்லை. உரிமைகளுக்குத் திருத்தம் கொண்டு வர வேண்டும் என்ற பரிந்துரையோடு சேர்த்துத்தான் எண்ணிக்கை தேறியது. மற்ற மாநிலங்களிலும் இதே நெருக்கடி. உரிமைப் பட்டியல் தேவையே இல்லை என்று முதலில் சொன்ன மேடிசன், 1789-இல் தானே எழுந்து அதை முன்மொழிந்தார். 1791 டிசம்பர் 15-இல் பத்துத் திருத்தங்கள் அமலுக்கு வந்தன. பேச, எழுத, அமைதியாகக் கூட, குறை தீர்க்க மனுச் செய்ய உரிமை. இன்றைக்கு உலகமே மெச்சும் அந்தப் பட்டியல், தியாகிகளின் நல்ல மனசில் மட்டும் விளைந்ததில்லை. சந்தேகப்பட்டுக் கேட்டுக்கொண்டே இருந்த சிங்கிள்ட்டரிகள் பிடுங்கி வாங்கியது!

நல்லவர் கையில் அதிகாரம்

நம் டீக்கடையில் ஒரு பேச்சு உண்டு. "போராட்டமெல்லாம் எதுக்குப்பா? ஒரு நல்லவன் வந்து உக்காந்தாப் போதும், எல்லாம் சரியாயிடும்." அமெரிக்காவில் வாஷிங்டனைவிட நல்லவர் யாரைச் சொல்வது? வேண்டும் என்றால் ராஜாவாகவே ஆகியிருக்கலாம், படைத் தலைமையை விட்டுக்கொடுத்துவிட்டு வயலுக்குப் போனவர். ஜனாதிபதியாக இரண்டு தவணை முடிந்ததும் தானாகவே இறங்கிப் போனவர். அந்த நல்லவர் ஆண்டபோது என்ன நடந்தது?

பழைய கடன் சீட்டுகள் மறுபடி வந்தன. 1790-இல் நிதி மந்திரி ஹாமில்டன், இப்போது சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே முழுத் தொகை என்றார். நியாயமாகச் சொன்னால் இங்கே மேடிசன் நம் பக்கம் நின்றார். விற்றுவிட்ட சிப்பாய்க்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று வாதாடினார். ஓட்டெடுப்பில் 36-க்கு 13 என்று தோற்றார். அந்தக் கடனை அடைக்க 1791-இல் சாராயத்துக்கு வரி போட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பென்சில்வேனியா விவசாயி தானியத்தைக் குதிரையில் ஏற்றி மலை தாண்டினால் கூலிக்கே கட்டாது. அதனால் தானியத்தைக் காய்ச்சிச் சாராயமாக்கிக் கொண்டு போனான். சாராயம்தான் அவனுக்குப் பணம் மாதிரி. (நாம் குடியை ஆதரிக்கவில்லை, தாய்மார்கள் கோபிக்க வேண்டாம்.) பெரிய ஆலைக்காரனுக்கு கேலனுக்கு விழும் வரி குறைவு, சின்னவனுக்கு அதிகம், அதையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். 1794-இல் எதிர்ப்பு முற்றியபோது, வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி, தானே குதிரையேறிப் பாதி வழி வந்தார். தண்டனை பெற்ற இருவரை மன்னித்தார், அது அவர் நல்ல குணம். வரி 1802 வரை அப்படியே இருந்தது.

அவருக்கு அடுத்து ஜான் ஆடம்ஸ். சொந்த வாழ்க்கையில் அப்பழுக்கு இல்லாதவர், ஓர் அடிமையைக்கூட வைத்துக்கொள்ளாதவர். 1798 அக்டோபரில் மாசசூசெட்ஸ் படையினருக்கு எழுதினார், நம் அரசியல் சட்டம் ஒழுக்கமும் பக்தியும் உள்ள ஜனங்களுக்காக மட்டுமே செய்யப்பட்டது என்று. மூன்று மாதம் முன்னால், ஜூலையில் அவர் கையெழுத்துப் போட்டது எதில்? அரசாங்கத்தையோ ஜனாதிபதியையோ அவதூறாக எழுதினால் ஜெயில் என்ற சட்டத்தில். வெர்மான்ட் மாநில எம்.பி. மாத்யூ லயன் ஜனாதிபதியை விமர்சித்து எழுதினார். நான்கு மாத ஜெயில், 1000 டாலர் அபராதம். வெர்மான்ட் ஜனங்கள் அவரை ஜெயிலுக்குள் இருக்கும்போதே மறுபடி ஜெயிக்க வைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

நல்லவர்கள்தான். நல்லவர்கள் கையில் இருந்தபோதே இப்படி.

இது நமக்கும் சேர்த்துத்தான். செயலாளர் நல்லவர், தலைவர் யோக்கியர் என்று சங்கக் கணக்கைக் கேட்காமல் விடாதீர்கள். போன வருஷம் சந்தா நோட்டில் இரண்டு மாதம் வரவு எழுதாமல் விட்டுப்போனது. நாம்தான் விட்டோம். ஒரு அம்மா எழுந்து கேட்ட பிறகுதான் சரி செய்தோம். அன்றைக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டோம். இப்போது பணம் எடுக்க இரண்டு கையெழுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிப்பு.

ஜெஃபர்சனின் கடன்

கடைசியாக ஒரு கணக்கு. மண்ணில் உழைக்கிறவர்களே கடவுள் தேர்ந்தெடுத்த மக்கள் என்று எழுதியவர் ஜெஃபர்சன். நம்மை நாட்டின் முதுகெலும்பு என்கிறார்களே, அதே மாதிரி. அவர் மண்ணில் உழைத்தது யார்? வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகள். சுதந்திரம் பிறப்புரிமை என்று எழுதிய கை அது.

அவர் பெரிய கடனாளி. ஃபிரான்ஸ் நாட்டு ஒயின், புத்தகம், வீட்டை இடித்து இடித்துக் கட்டுவது. மாமனார் வைத்துவிட்டுப் போன கடனும் சேர்ந்தது, விளைபொருள் விலையும் காலை வாரியது. 1826-இல் அவர் சாகும்போது கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். அவர் வீட்டு வாசலுக்கு யாரும் பீரங்கி கொண்டு வரவில்லை. அவர் கடனை அடைக்க, சொத்தைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு நடத்திக்கொள்ள வர்ஜீனியா சட்டசபை தனிச்சட்டமே போட்டது! பல ஊர்களில் நன்கொடை வசூலித்தார்கள். அவர் ஆடம்பரத்தைப் பற்றி அந்தச் சட்டசபை அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. குலுக்கல் நடக்கவில்லை, அவர் இறந்துவிட்டார். அடுத்த ஜனவரியில், 1827-இல், மான்டிசெல்லோ வீட்டு முன்னால் ஏலம் நடந்தது. 130 அடிமைகளை விற்பதாக விளம்பரம். பனிக்காலத்தில், தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று விற்றார்கள். எஜமானன் பட்ட கடனை அவர்கள் உடம்பு அடைத்தது.

அந்த மேடைக்கு நாம் மறுபடி போகிறோம். இந்த முறை கூப்பிட்டுப் போகவில்லை, நாமாகவே போகிறோம். தாலுகா ஆபீஸ் முன்பு ஆர்ப்பாட்டம். நாளும் நேரமும் உங்கள் கிளைச் சங்கத்தில் சொல்வார்கள். வருகிறவர்கள் கடன் பாஸ் புத்தகம், ஜப்தி நோட்டீஸ், டிக்ரி நகல் எது இருந்தாலும் ஜெராக்ஸ் இரண்டு எடுத்துக்கொண்டு வரவும். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கப் பந்தலில் நான்கு பேர் இருப்பார்கள், காசு கிடையாது. ரசீது வாங்காமல் யாரும் மனுவைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டாம். சங்கக் கணக்குப் புத்தகம் அதே பந்தலில் மேசை மேல் திறந்து கிடக்கும்.